கீழ்க்கூடத்துக் குரல்

நீள்பகல் 2ஆம் நாள், காலை 06.00

மேல்கூடம். பொறுப்பு: மாசிலாமணி, கால்நடை அறிவியலாளர். வெப்பம் 27. ஈரப்பதம் 52. காடைகள் 610. இறப்பு இல்லை. தீவனம், தண்ணீர் வழக்கம்போல.

இந்தக் குறிப்பை யார் கண்டெடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. நிலவுக்குப் புதியவர் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே கோடை மாதம் ஒருமுறை வரும். சூரியன் எழுந்தால் பதினான்கு நாள் இறங்காது. கூடங்கள் மண்ணுக்கடியில் இருப்பதால் வெயில் நேராக உள்ளே வராது. ஆனால் உள்ளே சேரும் சூட்டைக் கொண்டுபோய் வெளியே கொட்டும் தகடுகள் மேலே இருக்கின்றன. உச்சிவெயிலில் அவையே கொதிக்கும்போது நம் சூட்டை எங்கே வாங்கிக்கொள்ளும்? அதனால் ஏழாம் நாளைச் சுற்றி நாலைந்து நாள் காடைக்குக் கண்டம்.

காடைக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து, மூச்சோடு ஈரத்தை வெளியே விட்டுத்தான் உடம்பைக் குளிர்த்திக்கொள்ளும். முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் தீவனத்தைத் தொடாது. முட்டை ஓடு காகிதமாகிவிடும். முப்பத்தாறுக்கு மேல் போனால் கூண்டு கூண்டாகச் சாயும். குடியேற்றத்தில் இருக்கும் எல்லோருக்கும் முட்டை இந்தப் பண்ணையிலிருந்துதான் போகிறது. அங்கிருந்து இங்கே வர வண்டியில் ஒரு நாள் ஆகும். உச்சிவெயிலில் வண்டி ஓடாது. ஆக, இப்போது பண்ணையில் இரண்டே பேர். மேல்கூடத்தில் நான். கீழ்க்கூடத்தில் இசக்கியம்மாள்.

நீள்பகல் 3ஆம் நாள், காலை 06.15

வெப்பம் 28. ஈரப்பதம் 54. இறப்பு 1. கீழ்க்கூடத்தில் இறப்பு இல்லை.

அவள் கணக்கை நான் ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். தலைவர் ரஹ்மத்துல்லா நேற்று மாலை அனுப்பிய செய்தியைக் கீழே தருகிறேன்:

“மாசிலாமணி, இசக்கி, ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. ரெண்டு கூடத்துக்கும் கரண்ட் குடுக்க இனி முடியாது. இந்தப் பகல் முடியட்டும். எந்தக் கூடத்துல சாவு கம்மியோ அது ஓடும். இன்னொண்ண மூடிடுவோம். அதைப் பாத்துக்கிட்டவங்க அடுத்த கப்பல்ல ஊருக்குப் போகலாம். வருத்தப்படாதீங்க, எனக்கு வேற வழி தெரியல.”

நிலவில் முதல் காடைக்குஞ்சு என் உள்ளங்கையில்தான் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தது. ஐந்து வருடம் தனியாக இந்தக் கூட்டத்தைப் பெருக்கினேன். போன வருடம் இவள் வந்தாள். பாளையங்கோட்டைக்காரி, வயது முப்பதுகூட இருக்காது. என் பறவைகளில் பாதியைப் பிரித்து அவளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். இப்போது குடியேற்றத்துப் பிள்ளைகள் “இசக்கி அக்கா முட்டை” என்று கேட்டு வாங்குகிறார்களாம். இரண்டு கூடத்து முட்டையும் ஒரே பெட்டியில்தான் போகிறது. அதை யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

ஊரில், நாமக்கல்லில், எனக்கென்று ஒரு பூட்டிக் கிடக்கும் வீடு இருக்கிறது. இங்கே ஆறில் ஒரு பங்கு எடையோடு நடந்து பழகிய முழங்கால்கள் அங்கே என்னைத் தூக்காது. போனால் படுக்கைதான். நான் போகமாட்டேன்.

நீள்பகல் 4ஆம் நாள், பிற்பகல் 14.30

வெப்பம் 30. ஃபாகர் போட்டேன். குழாய்களில் இருந்து பனிபோல் நீர் தூவும் இந்த ஏற்பாட்டை இங்கே அமைத்தவன் நான். கீழ்க்கூடத்திலும் நான்தான் மாட்டினேன். அவள் அதை இதுவரை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

போட்ட பத்தாவது நிமிடம் வானொலியில் வந்துவிட்டாள்:

“அண்ணாச்சி, ஒங்க பக்கம் ஈரம் ஏறுதே. தண்ணி தெளிக்கீயளா? தெளிக்காதீய அண்ணாச்சி. காத்துல ஈரம் கூடிட்டுன்னா அதுக எம்புட்டு எரைச்சாலும் சூடு வெளிய போவாது. வெறும் காத்த மட்டும் வேகமா விடுங்க. சொல்லணும்னு தோணிச்சு, தப்பா நெனச்சுக்கிடாதீய.”

காடைக்கு மூச்சு எப்படி என்று எனக்குச் சொல்லித் தருகிறாள். என் கூடத்து ஈரம் எவ்வளவு என்று அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் கவனிக்க வேண்டும். நானும் அவளுடையதைப் பார்க்கிறேன்தான். ஆனால் நான் கூப்பிட்டு வகுப்பெடுப்பதில்லை.

ஃபாகர் ஓடட்டும்.

நீள்பகல் 5ஆம் நாள், காலை 05.50

வெப்பம் 31. ஈரப்பதம் 83. இறப்பு 38.

கீழ்க்கூடத்தில் 2.

ஃபாகரை நிறுத்தினேன். தலைவருக்கு “வயதான பறவைகள்” என்று அனுப்பினேன். அவர் பதில்: “இசக்கி என்ன செய்யுதுன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.”

கேட்கவில்லை. விளக்கை முழுதாக ஏற்றுவதற்கு முன்பே தீவனத் தொட்டிகளை எடுத்துவிட்டேன், செரிமானச் சூடு குறையும். விளக்கைத் தணித்த பிறகு தீவனம் வைப்பேன். குடிநீரில் வைட்டமின் சி, உப்புக் கலவை. மேலடுக்குக் கூண்டுகளில் இருந்து பாதியை எடுத்துத் தரையில் பரப்பினேன், நெருக்கம் குறைந்தது. ஃபேன் முழு வேகம். குழாயில் சூடேறி நிற்கும் தண்ணீரைக் கழித்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் ஏற்றினேன்.

இதையெல்லாம் அவளும் செய்கிறாள். அதற்காக அவளிடம் கற்றதாக ஆகிவிடாது. எந்தப் பண்ணையிலும் இதுதான் வழக்கம்.

நீள்பகல் 5ஆம் நாள், மாலை 19.10

இறப்பு நின்றுவிட்டது. என் பறவைகள் தண்ணீரை நன்றாகக் குடிக்கின்றன. சூட்டில் மயங்கிய காடை கண்ணை மூடி மூலையில் அமுங்கிக்கொள்ளும். அதை மிரட்டாமல் எழுப்பி, தண்ணீர் சொட்டும் நிப்பிளுக்கு வரவழைப்பதுதான் பெரிய வேலை. என்னுடையவை தாமாகவே எழுந்து வருகின்றன.

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. தண்ணீர் மீட்டரின் கோடு சில வேளைகளில் திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. நான் குளிர்ந்த நீர் ஏற்றும் வேளைகள் அல்ல அவை. அப்போது கூடத்தில் நான் இருப்பதுகூட இல்லை.

நீள்பகல் 6ஆம் நாள், காலை 10.05

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் உறிஞ்சி பண்ணைக்கு ஒன்றுதான், அது என் கூடத்தில் இருக்கிறது. கீழ்க்கூடத்துக் காற்று அகலமான ஒரு குழாய் வழியாக இங்கே வந்து, ஈரம் நீங்கித் திரும்பிப் போகிறது. கோடு ஏறத் தொடங்கும் நேரம் பார்த்து இன்று கூண்டுகளுக்கு நடுவில் நின்றேன். குழாயின் வாயிலிருந்து அவள் குரல் வந்தது. தன் பறவைகளோடு பேசிக்கொண்டே தண்ணீர் ஏற்றுகிறாள்.

“ஏட்டி, எந்திரிங்க. தண்ணி வந்துட்டு. குளுந்த தண்ணி. குடிங்க பாப்பம்.”

என் பறவைகள் எழுந்தன. மூலையில் கிடந்தவை, கண்ணை மூடியிருந்தவை, நான் இரண்டு வருடம் பெயர் வைத்து அழைத்த கிழட்டுச் சேவல் உட்பட, எல்லாம் அந்தக் காற்றுக் குழாய்ப் பக்கம் தலையைத் திருப்பின. பிறகு வரிசையாகப் போய்க் குடித்தன. நான் தண்ணீர்க் குழாயில் கை வைத்தபடி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை.

அவள் குரலைத் தொடர்ந்து குளிர்ந்த தண்ணீர் வரும் என்று ஒரு காலத்தில் அவளிடம் இருந்த பறவைகள் கற்றிருக்கலாம். நான்தான் சென்ற பகலில் ஐம்பது பறவைகளைத் திரும்ப வாங்கினேன். அவற்றைப் பார்த்து மற்றவை கற்றிருக்கும். விளக்கம் சரியாகத்தான் இருக்கிறது. அதனால் வயிற்றெரிச்சல் குறையவில்லை. எனக்குப் பொறாமை, எழுதிவிட்டேன். இந்தக் குறிப்பை நான் உயிரோடு இருக்கும்வரை யாரும் படிக்கப்போவதில்லை.

நான் பேசிப் பார்த்தேன். அவள் சொன்ன அதே சொற்கள். பறவைகள் கூண்டின் பின்பக்கம் ஒதுங்கின.

நீள்பகல் 7ஆம் நாள், காலை 09.40

மேலே தகடுகளில் ஒன்றில் குளிர்திரவம் கசிகிறது. இரண்டு கூடத்திலும் வெப்பம் 34, இன்னும் ஏறும். உச்சிவெயில் தணியும்வரை மேலே போய்ப் பழுதுபார்க்க வழியில்லை.

மொத்த இறப்பு: எனக்கு 44. அவளுக்கு 5.

அவள் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். குழாயின் வாயில் ஒரு தடுப்புப் பலகை உண்டு, கையால் திருகும் பிடி என் பக்கம் இருக்கிறது. அதைச் சாத்தினேன். சத்தம் நின்றது. பிராணவாயு அவளுக்குத் தனி வழியில் போகிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. ஈரம் கொஞ்சம் சேரும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடலாம்.

என் பறவைகளை ஒரு மணி நேரமாவது நானே பார்த்துக்கொள்கிறேன்.

நீள்பகல் 7ஆம் நாள், காலை 11.20

வெப்பம் 35. என் ஈரப்பதம் 41. உறிஞ்சி இப்போது எனக்கு மட்டும் வேலை செய்கிறது. காற்று காய்ந்திருப்பதால் இரைப்பு நன்றாகப் பலன் தருகிறது. காலையிலிருந்து இறப்பு 1. தண்ணீர் குடிப்பது சற்றுக் குறைந்திருக்கிறது, பழகிவிடும்.

கீழ்க்கூடம்: ஈரப்பதம் 79. இறப்பு இன்று மட்டும் 16.

வந்த செய்தி, 11.05: “அண்ணாச்சி, இங்க ஈரம் ஏறிக்கிட்டே போவுது. உறிஞ்சி ஓடுதா? ஒங்க பக்கம் தடுப்பு தொறந்துதான இருக்கு?”

நான் அனுப்பியது, 11.07: “தொறந்துதான் இருக்குது அம்மணி. உறிஞ்சியும் ஓடுது. தகடு கசியறதுல பாரம் தாங்குல போல. பாத்துக்கலாம்.”

அவள், 11.08: “நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி. நான் கையால விசிறிப் பாக்கேன்.”

பிடியில் கை வைத்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். இன்றைய நாளில், இன்றைய ஒரு நாளிலாவது, அவள் இறப்புக் கோடு என் கோட்டுக்கு மேலே போயிருக்கிறது. இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை. சாப்பிட்டுவிட்டு வந்து திறக்கிறேன்.

நீள்பகல் 7ஆம் நாள், பிற்பகல் 13.50

வெப்பம் 36. எனக்கு இன்று 3. அவளுக்கு 71.

மொத்தத்திலும் தாண்டிவிட்டாள்.

தலைவர், 13.30: “மாசிலாமணி, அசத்துறீங்க. எப்படி இந்தச் சூட்டுல இவ்வளவு கம்மி? அந்தப் பொண்ணுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க.”

இந்தச் செய்தியை நான்கு தடவை கேட்டேன். சொல்லிக் கொடுங்கள் என்கிறார்.

அவள், 13.44: “அண்ணாச்சி, மேலடுக்கெல்லாம் சாஞ்சிட்டு. நான் ஒண்ணொண்ணா எடுத்துத் தண்ணிய வாயில தொட்டு வைக்கேன். இங்க ஈரம் தொண்ணூத்தஞ்சு காட்டுது. எனக்கே வேர்வ காய மாட்டேங்கு. ஒங்க பறவைக எப்படி இருக்கு? நல்லா இருக்குல்லா?”

“நல்லா இருக்குது” என்று மட்டும் அனுப்பினேன். கூடத்தை விட்டு வெளியே வந்து உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். அவள் கூடத்துக்கு வெளியே குளிரான சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதை அவளுக்கு நான் நினைவூட்ட வேண்டுமா என்ன, தெரியாதவளா.

இப்போது திறந்தால் அவள் மொத்த ஈரமும் என் பறவைகள் மேல் வந்து இறங்கும். 36 டிகிரியில் அது கூடாது. 35க்கு வரட்டும்.

நீள்பகல் 7ஆம் நாள், மாலை 16.15

இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அவளிடமிருந்து செய்தி இல்லை.

கூப்பிட்டேன். பதில் இல்லை. என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கலாம். தோற்பவர்கள் பேசமாட்டார்கள், முந்தாநாள் நானும் அப்படித்தான் இருந்தேன்.

16.32

கூப்பிட்டேன். இல்லை.

16.40

தடுப்பைத் திறந்தேன். குழாயில் காதை வைத்தேன். சூடான ஈரக்காற்று முகத்தில் அடித்தது. ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது. அவள் குரல் இல்லை.

இரண்டு கூடத்துக்கும் நடுவில் காற்றில்லாத பாதை. உடை மாட்டிக்கொண்டு போகிறேன்.

நீள்பகல் 7ஆம் நாள், இரவு 21.00

கூண்டு வரிசைக்கு நடுவில் கிடந்தாள். தோல் நெருப்பாக இருந்தது. மடியில் இரண்டு காடைகள், இரண்டும் உயிரோடு. வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம்.

சின்ன அறைக்கு இழுத்துப் போனேன். குளிர்ந்த நீர், ஐஸ் பை, கழுத்திலும் கக்கத்திலும். ஒருமுறை கண்ணைத் திறந்தாள். “தடுப்பு” என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, எங்கோ பார்த்துச் சொன்னாளா தெரியாது. “தொறந்துதான் இருக்குது அம்மணி” என்றேன். அப்போது திறந்துதான் இருந்தது.

19.25க்கு மூச்சு நின்றது.

அவள் கூடத்தில் மிஞ்சியவை 212.

நீள்பகல் 8ஆம் நாள், காலை 06.00

வெப்பம் 35. ஈரப்பதம் இரண்டு கூடத்திலும் 63.

தலைவர்: “மாசிலாமணி, உங்களால முடிஞ்சத நீங்க செஞ்சீங்க. அந்தச் சூட்டுல உடுப்ப மாட்டிக்கிட்டு ஓடிப்போய்த் தூக்கியிருக்கீங்க. உங்களக் குத்தம் சொல்ல யாருக்கும் வாய் வராது. இனி ரெண்டு கூடமும் உங்க பொறுப்பு. நீங்க இருங்க. ஊருக்குப் போகவேண்டாம்.”

நான் கேட்டது இதுதான். எனக்குக் கிடைத்துவிட்டது.

பாதையில் நிழல் விழும் இடத்தில் அவளைக் கிடத்தியிருக்கிறேன். முகத்தில் துணி போட்டேன்.

நீள்பகல் 8ஆம் நாள், பிற்பகல் 13.15

பறவைகள் குடிக்கவில்லை. அவளுடையவை மட்டுமல்ல, என்னுடையவையும்தான். மீட்டரின் கோடு படுத்துக் கிடக்கிறது. குளிர்ந்த நீர் ஏற்றினேன், உப்புக் கலவை மாற்றினேன், நிப்பிளைத் தட்டிச் சொட்ட வைத்தேன். மூலையில் அமுங்கிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கின்றன. கையில் எடுத்தால் உதறுகின்றன. உதறினால் சூடு இன்னும் ஏறும். இறப்பு: மேல்கூடம் 57. கீழ்க்கூடம் 30.

தகடு குளிர இன்னும் மூன்று நாள் ஆகும். இப்படியே போனால் அதற்குள் ஒன்றும் மிஞ்சாது. பூமியிலிருந்து புது முட்டை வர ஒன்றரை வருடம்.

நேற்றுக் காலை குடிப்பது குறைந்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

நீள்பகல் 8ஆம் நாள், மாலை 17.40

அவள் கூடத்தில் பேசியது எதுவும் பதிவாகவில்லை. வானொலியில் எனக்கு அனுப்பியவை மட்டும் இருக்கின்றன. எல்லாவற்றையும் இரண்டு கூடத்து ஒலிபெருக்கியிலும் போட்டுப் பார்த்தேன்.

“தண்ணி தெளிக்காதீய” என்ற நீளமான செய்திக்குச் சில பறவைகள் தலையைத் தூக்கின. கடைசிச் செய்திக்கு ஒன்றும் அசையவில்லை, அதில் அவள் குரல் கம்மிப்போயிருக்கிறது. ஒன்றே ஒன்றில்தான் அவள் பறவைகளிடம் பேசும்போது ஏற்றுவதுபோல் குரலை ஏற்றிக் கேட்கிறாள். அதற்கு எல்லாம் எழுந்தன. வரிசையாகப் போய்க் குடித்தன.

நீள்பகல் 9ஆம் நாள், காலை 08.00

மணிக்கு ஒருமுறை போடுகிறேன். மேல்கூடம் இறப்பு 2. கீழ்க்கூடம் இல்லை.

“ஒங்க பக்கம் தடுப்பு தொறந்துதான இருக்கு?”

கிழட்டுச் சேவல் முதலில் எழுகிறது. பிறகு மற்றவை. எல்லாம் ஒலிபெருக்கியைப் பார்க்கின்றன. நான் அதற்குக் கீழே நின்றுகொண்டிருக்கிறேன், தண்ணீரைத் திறந்துவிடுவது என் கைதான். இன்னும் எனக்கு எரிகிறது. செத்தவளிடம் எதற்கடா என்று கேட்டுப் பார்த்துவிட்டேன், எரிவது நிற்கவில்லை.

நீள்பகல் 10ஆம் நாள்

நேரம் பார்க்கவில்லை. தூங்கவில்லை. தூங்கினால் போட முடியாது. தானாக ஓட விட்டால் பறவைகள் கண்டுபிடித்துவிடுகின்றன, தண்ணீர் வராத வேளையில் குரல் வந்தால் அடுத்த தடவை எழுவதில்லை. ஆகவே நான் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு தடவையும்.

“ஒங்க பக்கம் தடுப்பு தொறந்துதான இருக்கு?”

முதலில் சிலமுறை பதில் சொன்னேன். வாய் தானாக வந்தது. தொறந்துதான் இருக்குது அம்மணி. இப்போது அது உண்மை, போய்ப் பார்த்துவிட்டே சொன்னேன்.

என் சத்தம் கேட்டதும் பறவைகள் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கூண்டின் பின்பக்கம் ஒதுங்குகின்றன. ஆகவே இனி நான் பேசுவதில்லை. பொத்தானை அழுத்துகிறேன். அவள் கேட்கிறாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.

பறவைகள் குடிக்கின்றன.